பழைய சர்வரின் விண்டோஸ், எஸ்க்யூஎல் லைசென்ஸைப் புதிய சர்வருக்கு அப்படியே மாற்றலாமா?

கேட்டிருப்பது இது: பழைய சர்வரில் 2 ப்ராசஸர், தலா 8 கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி). விண்டோஸ் சர்வர் 2019 ஸ்டாண்டர்ட், 16 கோர் லைசென்ஸ். ஹைப்பர்-வி (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ஹைப்பர்வைசர் மென்பொருள்) மேல் 2 விஎம், அதாவது 2 மெய்நிகர் கணினி; ஒன்றில் ரிமோட் டெஸ்க்டாப், இன்னொன்றில் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் 2019 ஸ்டாண்டர்ட், 8 கோர் லைசென்ஸ். புதிதாக வரப்போவது 2 ப்ராசஸர், தலா 16 கோர்.

எஸ்க்யூஎல் பெரிய சிக்கலில்லாமல் மாறிவிடும். செலவு வைக்கப்போவது விண்டோஸ்தான்.

பழைய விண்டோஸ் எந்த வழியில் வாங்கியது என்று முதலில் பாருங்கள். சர்வரோடு ஒரே பில்லில் வந்து, பெட்டியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது ஓஇஎம் (சர்வர் தயாரிப்பாளர் வழியாக வந்தது). அந்தப் பெட்டியோடு வந்தது, அந்தப் பெட்டியோடுதான் போகும். வேறு மெஷினுக்கு மாற்றும் உரிமை அதற்குக் கிடையாது. பில் கிடைக்கவில்லை என்றால் எஸ்எல்எம்ஜிஆர் கமாண்டை டிஎல்வி ஸ்விட்சோடு (slmgr /dlv) ஓட்டுங்கள். ஓஇஎம்மா, ரீடெயிலா, வால்யூமா என்று காட்டும்.

வால்யூம் லைசென்ஸ் (நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் வாங்குவது) என்றால் மாற்றலாம். ஆனால் ஒரு சர்வருக்கு ஒதுக்கிய லைசென்ஸை 90 நாளுக்குள் இன்னொன்றுக்கு மாற்றக்கூடாது. பழைய ஹார்டுவேர் நிரந்தரமாகப் பழுதானால் மட்டும் விலக்கு. அதனால் ஒதுக்கிய தேதி, சர்வரின் சீரியல் நம்பர், கோர் எண்ணிக்கை மூன்றையும் ஒரு ஷீட்டில் எழுதி வையுங்கள்.

அடுத்தது கோர் கணக்கு. சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸோ (லைசென்ஸோடு தனியாக வாங்கும் மைக்ரோசாஃப்டின் பராமரிப்புத் திட்டம்) சந்தாவோ இல்லையென்றால், 2016 பதிப்பிலிருந்து விண்டோஸ் சர்வருக்கு மெஷினில் இருக்கும் அத்தனை பிசிக்கல் கோருக்கும் லைசென்ஸ் வேண்டும். ப்ராசஸருக்குக் குறைந்தது 8, சர்வருக்குக் குறைந்தது 16. உங்கள் புதிய சர்வருக்கு 32. கையில் இருப்பது 16. மீதி 16-ஐ வாங்கினால்தான் அந்த 2 விஎம்மையே ஓட்டலாம். ஹைப்பர்த்ரெடிங்கை (ஒரு கோரை இரண்டாகக் காட்டும் வசதி) அணைப்பதாலோ, விஎம்முக்குக் குறைவாக கோர் கொடுப்பதாலோ இந்த எண் குறையாது. மூன்றாவது, நான்காவது விஎம் வேண்டுமென்றால் முழு 32-ஐயும் இன்னொரு முறை, ஆக மொத்தம் 64. (ஹைப்பர்-வி நிர்வாகத்துக்கு மட்டும் ஓடும் ஹோஸ்ட், அதாவது விஎம்களைத் தாங்கும் அடிப்படை விண்டோஸ், இந்த எண்ணிக்கையில் சேராது.) பட்டியல் விலையில் டேட்டாசென்டர் பதிப்பு ஸ்டாண்டர்டைப் போல ஆறு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே 10 விஎம் வரை ஸ்டாண்டர்டே மலிவு, 11-ஐத் தொட்டால் டேட்டாசென்டர்.

16 கோர் கீ 32 கோர் மெஷினிலும் சத்தமில்லாமல் ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸ் கோரை எண்ணித் தடுப்பதில்லை. ஆடிட்டுக்கு வருபவர் எண்ணுவார்.

ஆர்டர் இன்னும் போகவில்லை என்றால் ஹார்டுவேரையே மாற்றி யோசியுங்கள். இரண்டு விஎம்முக்கு 32 கோர் எதற்கு? ஒரே சாக்கெட்டில் (ப்ராசஸர் பொருத்தும் இடம்) 16 கோர், கிளாக் வேகம் அதிகமுள்ள ப்ராசஸர் போதும். ஏஎம்டி ஈபிக் 9174எஃப் அப்படிப்பட்டது: 16 கோர், 12 மெமரி சேனல். பழையது வால்யூம் லைசென்ஸாக இருந்தால் விண்டோஸுக்கு ஒரு ரூபாயும் கூடுதலாகப் போகாது.

இனி எஸ்க்யூஎல். நேரடியாக ஹார்டுவேரில் போட்டால் 32 கோருக்கும் லைசென்ஸ் கேட்கும். விஎம்மில் இருப்பதால் அந்த விஎம்மின் 8 விர்ச்சுவல் கோருக்கு மட்டும் போதும் (விஎம்முக்குக் குறைந்தபட்சம் 4). புது சர்வர் வேகமாக இருக்கிறதே என்று யாராவது அதை 12 ஆக்கினால் அன்றே 4 கோர் பற்றாக்குறை. 2022 பதிப்புக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஒன்று கவனியுங்கள்: அதிலிருந்து விஎம் அளவில் லைசென்ஸ் செய்ய சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸோ சந்தாவோ கட்டாயம். 2019-லேயே இருந்தால் அது இல்லாமலும் ஓட்டலாம். ஆனால் விஎம்மை ஹோஸ்டுகளுக்கு இடையே அடிக்கடி நகர்த்த முடியாது, அங்கேயும் 90 நாள் கணக்குதான்.

பலரும் கோட்டைவிடும் இடம் விஎம்மின் சாக்கெட் அமைப்பு. எஸ்க்யூஎல் 2019 ஸ்டாண்டர்ட் பதிப்பு 4 சாக்கெட் அல்லது 24 கோர், இதில் எது குறைவோ அதைத்தான் பயன்படுத்தும். விஎம்வேர் போன்ற வேறு ஹைப்பர்வைசருக்கு மாறும்போது 8 விர்ச்சுவல் சிபியுவை 8 சாக்கெட், சாக்கெட்டுக்கு 1 கோர் என்று அமைத்துவிட்டால் எஸ்க்யூஎல் 4 கோரில் மட்டும் ஓடும். காசு கொடுத்தது எட்டுக்கு, வேலை செய்வது நான்கு. புது சர்வர் பழையதைவிட மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்தால் எஸ்க்யூஎல் எரர் லாகின் தொடக்க வரிகளைத் திறந்து பாருங்கள். எத்தனை சாக்கெட் கண்டுபிடித்தது, லைசென்ஸ்படி எத்தனை லாஜிக்கல் ப்ராசஸரைப் பயன்படுத்துகிறது என்று ஒரே வரியில் சொல்லியிருக்கும். விஎம்மை அணைத்து 1 சாக்கெட், 8 கோர் என்று மாற்றினால் சரியாகிவிடும். என்டர்பிரைஸ் வைத்திருப்பவர்களுக்கு இதே மாதிரி இன்னொரு பொறி: சர்வர் ப்ளஸ் கால் முறையின் (கால் என்பது CAL, சர்வரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆளுக்கோ கருவிக்கோ வாங்கும் லைசென்ஸ்) பழைய கீ 20 கோரோடு நின்றுவிடும்.

மாற்றும் வாரத்தில் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும். ஒரு லைசென்ஸ் இரண்டையும் தாங்காது. சோதனைக்கு எஸ்க்யூஎல் டெவலப்பர் பதிப்பு இலவசம். ஆனால் அதில் என்டர்பிரைஸ் வசதிகள் அத்தனையும் திறந்திருக்கும். அவற்றில் ஒன்றைத் தெரியாமல் டேட்டாபேஸில் இயக்கிவிட்டால், கட்ஓவர் அன்று, அதாவது புதிய சர்வருக்கு முழுதாக மாறும் நாளில், ஸ்டாண்டர்டில் ரீஸ்டோர் ஆகாமல் நிற்கலாம். விண்டோஸுக்கு 180 நாள் இவால்யுவேஷன் உண்டு, பின்னால் கீ போட்டு மாற்றிக்கொள்ளலாம். அதில் டொமைன் கன்ட்ரோலரை (நெட்வொர்க்கின் லாகின்களைக் கவனிக்கும் சர்வர்) மட்டும் ஏற்றிவிடாதீர்கள். ஏற்றினால் மாற்ற விடாது.

கால் லைசென்ஸ் விஷயம்: 2019-லேயே நின்றால் பழைய கால் போதும். புது சர்வரோடு 2025 வாங்கினாலும் டவுன்கிரேட் உரிமையில் 2019 போட்டு ஓட்டலாம். ரிமோட் டெஸ்க்டாப் விஎம்மை அப்படியே நகர்த்தினால் கால்களும் கூடவே வரும். புதிதாக நிறுவினால் ரிமோட் டெஸ்க்டாப் லைசென்சிங் மேனேஜரில் பழைய சர்வரிலிருந்து கால்களை மைக்ரேட் செய்ய வேண்டும், அக்ரிமென்ட் நம்பர் கையில் இருக்கட்டும். இதை மறந்தால் உடனே தெரியாது. 120 நாள் சலுகைக் காலம் ஓடி முடிந்து, ஏதோ ஒரு திங்கட்கிழமை காலை யாராலும் உள்ளே வர முடியாது.

அதே விஎம்மில் டேலி இருந்தால், பழையதை ஃபார்மட் செய்வதற்கு முன் அதன் லைசென்ஸைச் சரண்டர் செய்துவிடுங்கள்.