‘மெஸ் அப்’ என்றால் கலைத்துப் போடுவது மட்டும்தானா?

‘மெஸ் அப்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு ‘அலங்கோலமாக்கு’ என்று அகராதியில் பார்த்ததாகவும், அறையையோ தலைமுடியையோ கலைத்தால் மட்டும்தான் அதைச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். அந்த ஒற்றைப் பொருளை நம்பி நானும் அவதிப்பட்டிருக்கிறேன்.

1998-இல் ஒரு கணக்கு அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், நான் முடித்துக் கொடுத்த கோப்பின் மேலட்டையில் ‘யூ ஹேவ் மெஸ்ட் திஸ் அப்’ என்று சிவப்பு மையில் எழுதி மேலாளர் திருப்பி அனுப்பினார். தாள்கள் முன்பின்னாக இருப்பதைத்தான் சொல்கிறார் என்று எண்ணி, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு உட்கார்ந்து, டேக் கயிற்றை அவிழ்த்து, ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி, மடங்கிய முனைகளை நகத்தால் நீவி, மறுபடி கோத்து வைத்தேன். மறுநாள் அவர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கூட்டுத்தொகையில் விரலை வைத்தார். 5,400 வரவேண்டிய இடத்தில் 4,500 என்று இருந்தது. “அடுக்கச் சொல்லலை தம்பி, கணக்கைச் சொதப்பியிருக்கீங்கன்னு எழுதினேன்” என்றார்.

அந்தச் ‘சொதப்பு’தான் பள்ளியில் எனக்கு யாரும் சொல்லித்தராத பொருள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று கோடு போட்ட நோட்டில் எழுத வைத்த பழக்கத்தின் மீது எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

படுக்கையை ‘மெஸ் அப்’ செய்தால் கலைப்பது. தேர்வையோ நேர்காணலையோ செய்தால் கெடுத்துக்கொள்வது. ‘ஐ மெஸ்ட் அப்’ என்று மட்டும் சொன்னால் ‘தவறு செய்துவிட்டேன்’ என்று பொருள். ‘அதை’ என்ற சொல் வந்தால் நடுவில்தான் நிற்கும்: ‘மெஸ் இட் அப்’ சரி, ‘மெஸ் அப் இட்’ பிழை. ‘மெஸ் வித்’ என்பதோ வம்புக்கு இழுப்பது.

நம் ஊர்ச் சாப்பாட்டு மெஸ்ஸும் இதே சொல்தான் என்றால் சிலர் நம்ப மறுப்பார்கள். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதற்குப் பரிமாறிய உணவு என்று பொருள். பிறகு சேர்ந்து உண்ணும் குழுவையும் குறித்தது. காந்தியடிகள் சட்டம் படித்த லண்டன் இன்னர் டெம்பிளில் நால்வர் நால்வராக அமர்ந்து உண்ணும் குழுவுக்கும் மெஸ் என்றே பெயர். குழைத்துக் கலந்த உணவைக் குறித்த வழியில்தான் ‘குழப்பம்’ என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது.

பேச்சுவழக்குச் சொல்லுக்கு இவ்வளவு விளக்கமா என்று கேட்பவர்கள், அதே சொல் சிவப்பு மையில் அலுவலகக் கோப்பில் வந்ததை நினைத்துப் பார்க்கட்டும். ஆனால் மேலதிகாரிக்கு நீங்கள் எழுதும் கடிதத்தில் இதைத் தவிர்த்து, பிழை நேர்ந்துவிட்டது என்று நேராகவே எழுதுங்கள்.