ஒரே நிலைக்கு ஒரு செஸ் எஞ்சின் ‘ஆறில் மேட்’ என்கிறது, இன்னொன்று ‘நான்கில் மேட்’ என்கிறது. எதை நம்புவது?

உங்கள் பிள்ளை செஸ் வகுப்புக்குப் போகிறது, வீட்டில் செய்யச் சொன்ன புதிரைச் செல்போனில் போட்டுப் பார்த்தீர்கள், புத்தகத்தில் இருப்பதும் திரையில் வருவதும் ஒத்துப்போகவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் வரும் பெற்றோர் பலருக்கும் இந்தச் சந்தேகம் அப்படித்தான் வருகிறது.

எஞ்சின் என்பது செஸ் கணக்கிடும் கணினி நிரல்; மேட் என்பது எதிராளியின் ராஜா தப்ப வழியின்றிச் சிக்கி ஆட்டம் முடிவது. இரண்டு எஞ்சினும் பொய் சொல்லவில்லை. ‘ஆறில் மேட்’ என்று ஸ்டாக்ஃபிஷ் என்ற பிரபலமான எஞ்சின் காட்டினால், ஆறு நகர்வுக்குள் முடிக்க ஒரு வழி கிடைத்துவிட்டது, எதிராளி எப்படி ஆடினாலும் தப்ப முடியாது, அவ்வளவுதான். ஐந்திலோ நான்கிலோ முடிக்க முடியாது என்று அது எங்கும் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயம் தெரியாத நடுவர் ஒருவரால் என் மாணவிக்கு வரவேண்டிய பரிசு போனது. அதனால்தான் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மாலையில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு போட்டியில் வழக்கமான ஆட்டங்களோடு புதிர் தீர்க்கும் பிரிவும் வைத்திருந்தார்கள். மிகக் குறைந்த நகர்வில் வெள்ளை மேட் செய்ய வேண்டும் என்பது கடைசிப் புதிர். அந்தப் பெண் நான்கு நகர்வில் முடித்து, கறுப்பின் ஒவ்வொரு பதிலுக்கும் தனித்தனியாகக் கிளை பிரித்து எழுதியிருந்தாள். முதல் நகர்வு செக் (ராஜாவை நேரடியாகத் தாக்குவது) கூட இல்லை. ராஜா ஒரு கட்டம் பக்கவாட்டில் நகர்கிறது, அவ்வளவுதான். நடுவர் செல்போனை எடுத்தார், நிலையைப் போட்டார், சில விநாடி பார்த்தார். “கம்ப்யூட்டரே ஆறுன்னு சொல்லுதும்மா, நாலு எப்படி வரும்?” என்று விடைத்தாளில் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டார்.

நான் போய், “சார், அவள் எழுதின முதல் நகர்வை மட்டும் ஆடிவிட்டு அப்புறம் பாருங்கள்” என்றேன். ரிசல்ட் எழுதியாகிவிட்டது, சிறப்பு விருந்தினர் காத்திருக்கிறார் என்று பதில் வந்தது. அன்று இரவே வீட்டில் பாப்பாய் என்ற புதிர் தீர்க்கும் நிரலில் அந்த நிலையைக் கொடுத்தேன். நான்கில் மேட், தொடக்க நகர்வு அது ஒன்றே ஒன்றுதான் என்று வந்தது. மின்னஞ்சல் அனுப்பினேன். முடிவு இறுதியானது என்று ஒரே வரியில் பதில்.   

சரி, ஏன் இப்படி ஆகிறது? ஸ்டாக்ஃபிஷ் ஆட்டத்தை ஜெயிக்கச் செய்யப்பட்டது, புதிர் தீர்க்க அல்ல. கோடிக்கணக்கான நிலைகளை ஓட்டிப் பார்க்கும்போது ‘இதற்குள் போய்ப் பயனில்லை’ என்று தோன்றும் கிளைகளை வெட்டிக்கொண்டே போகும். செக், வெட்டு போன்ற, எதிராளியைக் கட்டாயப்படுத்தும் நகர்வுகளை முதலில் பார்க்கும். வரிசையில் பின்னால் வரும் அமைதியான நகர்வுகளை ஆழம் குறைத்துப் பார்க்கும். அதனால் ராணியால் செக் மேல் செக் கொடுத்து ஆறில் முடிக்கும் வழி முதலில் கையில் சிக்கும். ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தி நான்கில் முடிக்கும் வழி, இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்தால்தான் வெளியே வரும்.

கிளைகளை வெட்ட இன்னொரு முறையும் இருக்கிறது. ஒரு பக்கம் தன் முறையை விட்டுக்கொடுத்தால் கூட நிலை நன்றாகவே இருக்கிறதா என்று சோதிப்பார்கள். நன்றாக இருந்தால் அந்தக் கிளைக்கு அதற்கு மேல் நேரம் செலவழிக்க மாட்டார்கள். ஆட்டத்தில் இது அபாரமாக வேலை செய்யும். ஆனால் ‘ஏதாவது ஆடியே தீரவேண்டும்’ என்பதாலேயே தோற்கிற நிலைகள் செஸ்ஸில் உண்டு. அமெரிக்கச் செஸ் மேதை பால் மார்ஃபி பெயரில் வழங்கும் பழைய புதிர் ஒன்றைப் பாருங்கள் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை). வெள்ளை: ராஜா சி8, யானை ஏ1, சிப்பாய் பி6. கறுப்பு: ராஜா ஏ8, பிஷப் பி8, சிப்பாய்கள் ஏ7, பி7. வெள்ளை ஆடி இரண்டில் மேட். விடை, யானை ஏ6. பி7 சிப்பாய் யானையை வெட்டினால் வெள்ளைச் சிப்பாய் பி7-க்குப் போய் மேட். பிஷப் எங்கே நகர்ந்தாலும் யானை ஏ7-ஐ வெட்டி மேட். ஏ7 சிப்பாயோ ராஜாவின் முன்னால் கட்டுண்டு கிடக்கிறது, அசைய முடியாது. கறுப்பு மட்டும் ‘பாஸ்’ சொல்ல முடிந்தால் இங்கே மேட்டே இல்லை. இவ்வளவு சின்னப் புதிரை எந்த எஞ்சினும் கண் சிமிட்டும் முன் முடித்துவிடும். இதே கரு எட்டு, பத்து நகர்வு தள்ளி ஒளிந்திருக்கும்போதுதான் அந்தக் குறுக்குவழி காலை வாரும்.

பாப்பாய், ஹைனர் மார்க்ஸன் எழுதிய செஸ்ட் போன்றவை வேறு ஜாதி. யார் ஜெயிக்கிறார்கள், எவ்வளவு முன்னிலை என்ற கணக்கே அவற்றுக்கு வேண்டாம். ‘நான்கில் மேட் உண்டா, இல்லையா’ என்று கேட்டால் எதிராளியின் எல்லாப் பதில்களையும் சரிபார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும். உண்டு என்றால் நிரூபணம், இல்லை என்றால் அதுவும் நிரூபணம். இரண்டாவது விடை இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். இந்த வழி கணினிச் செஸ்ஸின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1951-இல் மான்செஸ்டரில் டீட்ரிஷ் பிரின்ஸ், ஃபெராண்டி மார்க் 1 இயந்திரத்தில் இரண்டில் மேட் கண்டுபிடிக்கும் நிரல் எழுதினார். முழு ஆட்டம் ஆட அந்த இயந்திரத்துக்குச் சக்தி போதாது. ஒரு புதிருக்கே சுமார் 15 நிமிடம் ஆயிற்று. ஆனாலும் எல்லா வழியையும் பார்த்துவிட்டுத்தான் விடை சொன்னது. குறை என்னவென்றால், நகர்வு எண்ணிக்கை கூடக்கூட இந்த முறைக்கு ஆகும் நேரம் மலைபோல ஏறும்.

நீளமான மேட்டுக்கு ‘நிரூபண எண்’ தேடல் என்றொரு முறை உண்டு. விக்டர் அலிஸும் சகாக்களும் 1994-இல் வெளியிட்டது. எதிராளிக்கு எங்கே பதில்கள் குறைவோ, அந்தப் பக்கமாகவே முதலில் துளைத்துக்கொண்டு போகும். அடுக்கடுக்காகச் செக் கொடுத்து முடியும் மேட் எவ்வளவு நீளமானாலும் மளமளவென்று கண்டுபிடிக்கும். ஆனால் குறைந்த நகர்வுதானா என்று கேட்டால் இதுவும் உத்தரவாதம் தராது.

லீலா என்ற இன்னொரு எஞ்சினை மேட் தேடப் பயன்படுத்தாதீர்கள். ஆட்டங்களிலிருந்து கற்றுக்கொண்ட நரம்பு வலையமைப்பு கைகாட்டும் நகர்வுகளைத்தான் அது அதிகம் ஆராயும். ராணியைப் பலி கொடுக்கும் நகர்வை வலையமைப்பு முதல் பார்வையில் ஒதுக்கிவிட்டால், அதற்குள் போய்ப் பார்க்க வெகுநேரம் ஆகும். தவிர, அது பார்ப்பது வெற்றி வாய்ப்பை. வாய்ப்பு ஏற்கெனவே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்றால், சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரம் அதற்குக் குறைவு.

பலகையில் ராஜாக்களையும் சேர்த்துக் காய்கள் ஏழோ அதற்குக் கீழோ என்றால் தேடவே வேண்டாம், மேட் ஆன நிலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வைத்த அட்டவணைகள் இருக்கின்றன. 2012-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லொமொனொசோவ் சூப்பர் கம்ப்யூட்டரில் ஏழு காய் அட்டவணை முடிந்தது. அதில் 549 நகர்வு நீளும் மேட் ஒன்று இருக்கிறது. இன்று எஞ்சின்களோடு பரவலாகப் பயன்படும் சிசிஜி அட்டவணை வேறு. அது மேட்டுக்கு எத்தனை நகர்வு என்று சேமிப்பதில்லை. அடுத்த வெட்டுக்கோ சிப்பாய் நகர்வுக்கோ எவ்வளவு தூரம் என்பதைத்தான் சேமிக்கிறது, ஐம்பது நகர்வு விதிக்காக (வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் ஐம்பது நகர்வு போனால் சமன் கோரலாம்). அந்த எண்ணை மேட் எண் என்று நினைத்துக்கொண்டு என்னிடம் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

ஸ்டாக்ஃபிஷை மட்டம் தட்டுகிறேன் என்று யாராவது பின்னூட்டத்தில் வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். நானும் தினமும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். நேரம் கொடுத்தால் ஆறிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து நான்கு என்று தானே இறங்கி வரும். அதை உருவாக்குபவர்களே ஆயிரக்கணக்கான மேட் புதிர்களை ஓட்டி, எத்தனையில் மிகக் குறைந்த மேட் கிடைக்கிறது என்று கணக்கு வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பல செயலிகள் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் அலசலை நிறுத்திவிடுகின்றன. கணினியின் பல கோர்களில் (கணக்கிடும் பகுதிகளில்) ஒரே நேரத்தில் ஓடினால் ஒரே கணினியில் இரண்டு முறை ஓட்டினாலே வேறு எண் வரலாம்.

ஆகவே உங்கள் விஷயத்தில் நான்கு என்று சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டில் சிறிய எண் வந்தால் பெரிய எண் காலாவதி. புத்தகத்தில் இருப்பது சிறிய எண் என்றால், புத்தகத்தின் முதல் நகர்வைப் பலகையில் ஆடிவிட்டு எஞ்சினை மறுபடி ஓடவிடுங்கள், உடனே வழிக்கு வரும். நான்குக்கும் கீழே உண்டா என்று தெரிய வேண்டுமானால் பாப்பாயில் ‘மூன்றில் மேட்’ என்று கேளுங்கள். அது இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும். புதிர்ப் போட்டி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், விடைத்தாளைத் திருத்தும் மேசையில் அதையும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.