லத்தீன் படிக்கட்டும், விடுங்கள் அக்கா

அக்கா, உங்கள் குரல்பதிவை இரண்டு முறை கேட்டேன். மகள் ஜெர்மனியிலேயே லத்தீன் ஆசிரியையாகப் போகிறேன் என்கிறாள். லண்டன் மாமாவோ, கடன் எடுத்தாவது ஹங்கேரியில் மருத்துவம் படிக்க வை என்கிறார். கவலைப்படாதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வீட்டை அடகு வைக்கும் பேச்சு வந்ததும் மனம் மாறிவிட்டது. பிள்ளைக்கு விருப்பமில்லாத படிப்புக்கு ஆறு வருடக் கடன் வேண்டவே வேண்டாம்.

'செத்த மொழி' என்றாராம் மாமா. மகள் என்னிடம் பேசியது பப்லிலியஸ் சைரஸ் என்ற பழைய ரோம நாடகக்காரர் பற்றி. சிரியாவிலிருந்து அடிமையாக ரோமுக்குக் கொண்டுவரப்பட்டவர், புத்திக்கூர்மையால் விடுதலை பெற்றவர். கி.மு. 46இல் சீசர் நடத்திய விழாவில் லபேரியஸ் என்ற மூத்த நாடகக்காரரையே வென்றார். நாடகங்கள் அழிந்துபோய், அவற்றின் ஒற்றை வரிகள் ஏறக்குறைய 700 மட்டும் மிஞ்சின. காதலும் அறிவும் ஒன்றாக இருப்பது கடவுளுக்கே அரிது என்பது ஒன்று. அதிர்ஷ்டம் கண்ணாடி, பளபளக்கும்போதே உடையும் என்பது இன்னொன்று. மாற்ற முடியாத திட்டம் கெட்ட திட்டம் என்றும் சொல்லியிருக்கிறார். ரோமப் பிள்ளைகள் பள்ளியில் படித்த வரிகள் இவை. வெளியிலிருந்து வந்தவர் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே பாடமானார். அகதியாக வந்த வீட்டுப் பிள்ளைக்கு அவர்மேல் பிரியம் வந்ததில் என்ன அதிசயம்?

சரி, வழிக்கு வருகிறேன். ஜிம்னாசியம் எனும் மேல்நிலைப் பள்ளிக்கான ஆசிரியர் படிப்புக்கு இரண்டு பாடம் வேண்டும். லத்தீனோடு அவளுக்குப் பிடித்த கணிதத்தையும் எடுக்கட்டும். கணித ஆசிரியருக்கு எங்கும் தேவை இருக்கிறது. பெரும்பாலும் இளங்கலை மூன்று வருடம், முதுகலை இரண்டு. பல மாநிலங்களில் பண்டைய கிரேக்கத் தேர்வும் கேட்பார்கள், அதைப் பல்கலைக்கழகத்திலேயே படித்துக்கொள்ளலாம். அப்புறம் பள்ளியில் பயிற்சிக்காலம், அதற்கு மாதச் சம்பளம் உண்டு. அரசுப் பல்கலைக்கழகத்தில் இங்கே வளர்ந்த பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும்தான். உங்கள் வருமானத்துக்கு பாஃபெக் எனும் அரசு மாணவர் உதவி கிடைத்தால் அதில் பாதி மானியம், மீதி வட்டியில்லாக் கடன். திருப்பிக் கட்டுவது அதிகபட்சம் 10,010 யூரோ. மாமா சொல்லும் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒன்றில் மட்டும் தாமதிக்காதீர்கள். அரசு ஊழியர் அந்தஸ்துள்ள நிரந்தர ஆசிரியராகப் பொதுவாக ஜெர்மன் அல்லது ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை வேண்டும். அவளுடையது இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் இந்த மாதமே விண்ணப்பியுங்கள்.

மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். வங்கியில் போட்டிருக்கும் டெர்மினை, அந்தச் சந்திப்பு நேரத்தை, நீங்கள் இன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள்.