பிளட் ஆரஞ்சு வாங்கலாமா?

கேள்வி: வருடம் முழுக்க வெப்பமாகவே இருக்கும் இடத்தில் எங்கள் வீடு. தோட்டத்தில் இரண்டு மரங்களுக்கு இடம் உண்டு, மாடியில் இரண்டு பெரிய தொட்டிகளும் வைக்கலாம். எலுமிச்சை ஏற்கெனவே இருப்பதால் அபூர்வமான வகை ஏதாவது வைக்க ஆசை. சுளை சிவப்பாக இருக்கும் பிளட் ஆரஞ்சு, யூசு, ஃபிங்கர் லைம், புத்தர் கை என்று குறித்து வைத்திருக்கிறேன். எல்லாமே விலை அதிகம். எதை வாங்கலாம்?

பதில்: முதல் இரண்டு பெயர்களை அடித்துவிடுங்கள்.

நானும் பிளட் ஆரஞ்சு ஆசையில் ஒரு நர்சரியில் ஒட்டுச் செடி வாங்கி வைத்தேன். நான்காம் வருடம்தான் காய்த்தது. முதல் பழத்தை ஆவலோடு அறுத்தால் உள்ளே வெளிர் மஞ்சள். ஒரு சுளையின் ஓரத்தில்கூடச் சிவப்பு இல்லை. செடி போலி இல்லை, எங்கள் ஊர் வெப்பம்தான் காரணம். அந்தச் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. பழம் முதிரும் காலத்தில் இரவுகள் நன்றாகக் குளிர்ந்தால்தான் அது உருவாகும். விற்றவர் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால்தான் இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்: அந்தப் பழத்தின் சிறப்புக்குக் குளிர் தேவையா, வெப்பம் தேவையா என்று கேட்ட பிறகு பணத்தை எடுங்கள்.

ஜப்பானில் மணத்துக்காக வளர்க்கும் புளிப்புப் பழமான யூசுவும் அப்படித்தான். பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் குளிரையும் தாங்குவதுதான் அதன் பெருமை. உங்கள் தோட்டத்தில் அந்தக் குணத்துக்கு வேலையே இல்லை.

சிவப்புச் சுளைதான் வேண்டும் என்றால் சிவப்புப் பம்பளிமாஸ் வையுங்கள். அதன் நிறம் லைக்கோபீன், தக்காளியில் இருக்கும் அதே நிறமி. அதற்குக் குளிர் வேண்டாம். பம்பளிமாஸே தென்கிழக்கு ஆசியாவின் வெப்பத்தில் பிறந்த மரம். ஆனால் பெரிதாக வளரும், சுவரை விட்டுத் தள்ளி நடுங்கள். விதையில் முளைத்த கன்றை வாங்காதீர்கள். பம்பளிமாஸ் விதையில் ஒரே ஒரு கரு, அது மகரந்தம் கலந்து உருவானது. தாய் மரத்தின் சுவை அப்படியே வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

புத்தர் கையை மனசார வாங்கலாம். அது கடாரநாரத்தை இனம். விரல் விரலாகப் பிரிந்திருக்கும் பழத்துக்குள் சதையோ சாறோ பெரும்பாலும் இருக்காது. தோலின் மணம்தான் எல்லாம். வெட்டிய குச்சியே எளிதில் வேர் பிடிக்கும் என்பதால் ஒட்டுச் செடி கிடைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

விரல்போல் நீண்ட சிறு பழம் தரும் ஃபிங்கர் லைம் கிழக்கு ஆஸ்திரேலியாவின் மழைக்காடுகளில் பெரிய மரங்களுக்கு அடியில் வளர்வது. உச்சி வெயில் படாத இடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். முள் அதிகம். விதைக் கன்று காய்க்கப் பல வருடங்கள் ஆகும், அதனால் ஒட்டுதான்.

தொட்டிகளுக்கு, நீங்கள் குறிக்காத இரண்டைச் சொல்கிறேன். ஒன்று காலமான்சி, சின்னச் சின்னப் புளிப்புப் பழம் தரும் செடி. பூவும் பிஞ்சும் பழமும் ஒரே கிளையில் நிற்கும், இலையிலும் காயிலும் சொரசொரப்பான புண்கள் வரும் சொறி நோயையும் நன்றாகத் தாங்கும். இன்னொன்று மக்ரூட் லைம். இலைக் காம்பே இலையளவு அகன்று, இரண்டு இலைகளைத் தலைக்குத் தலை ஒட்டியதுபோல் இருக்கும். சமையலில் மணத்துக்குப் பயன்படுவதே இலைதான் என்பதால் காய்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம், நர்சரியில் இலையைத் திருப்பிப் பாருங்கள். நடு நரம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சள் என்றால் பெரும்பாலும் துத்தநாகக் குறை, சரிசெய்துவிடலாம். ஒரு பக்கம் ஒரு விதமாகவும் மறுபக்கம் வேறு விதமாகவும் திட்டுத்திட்டாக இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். சிட்ரஸ் கிரீனிங் நோயாக இருக்கலாம், அதைக் குணப்படுத்த வழியில்லை. சில்லிட் என்ற சிறு பூச்சி அதைப் பரப்புகிறது. அந்தப் பூச்சி கறிவேப்பிலைத் துளிரிலும் வளரும், எனவே வீட்டில் கறிவேப்பிலை இருந்தால் அதையும் அடிக்கடி கவனியுங்கள்.

கேள்வி: ஆரஞ்சு என்று வாங்கிய செடியில் பழம் பச்சையாகவே நிற்கிறது. தவறான செடியா?

பதில்: இல்லை. தோல் நிறம் மாறவும் குளிர்ந்த இரவு வேண்டும். ஒன்றைப் பறித்துச் சுவைத்துப் பாருங்கள், நிறத்தை நம்பிக் காத்திருந்தால் சுளை வறண்டுவிடும்.

கேள்வி: மெயர் லெமன் ஒட்டுச் செடி வாங்கி ஒரு வருடம் ஆகிறது. இப்போது வேகமாக வளரும் கிளையில் ஒவ்வொரு காம்பிலும் மூன்று இலைகள். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றவில்லை. மண்ணிலிருந்து சுமார் ஒரு சாண் உயரத்தில், தண்டு லேசாக வளைந்து பட்டையின் நிறம் மாறும் இடத்தைத் தேடுங்கள். அதுதான் ஒட்டு. மூன்று இலைக் கிளை அதற்குக் கீழிருந்து புறப்பட்டிருக்கும். அது வேர்ச்செடியின், அதாவது மெயரை ஒட்டுவதற்கு அடியில் வைத்த வேறு வகைச் செடியின் துளிர், விட்டால் மேலே இருக்கும் மெயரைத் தின்றுவிடும். இளசாக இருக்கும்போதே அடியோடு கிள்ளி எடுங்கள். நுனியை மட்டும் வெட்டினால் இரண்டாகக் கிளைத்து வரும்.