வாசகர் கேள்வி–பதில்: காசநோயும் அரசாணையும்

கேள்வி: பொது சுகாதாரத்தில் ஆராய்ச்சியாளர்கள் சொல்வதை அரசு அப்படியே நிறைவேற்றினால் போதாதா? களப்பணியாளர்களின் கருத்தையும் அதிகாரிகளின் கணக்கையும் எதற்காக அதில் கலக்க வேண்டும்?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: போதாது என்பதற்குச் சென்னையிலேயே பழைய சான்று இருக்கிறது. காசநோய் என்றாலே சானடோரியம் (நோயாளியைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மருத்துவமனை) என்றிருந்த 1950களில், படுக்கை கிடைக்காத பெரும்பான்மை நோயாளிகளை என்ன செய்வது என்பது அரசின் கவலையாக இருந்தது. அந்தக் கவலையிலிருந்துதான் ஆய்வே பிறந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956இல் சென்னையில் ஒரு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினருக்குச் சானடோரியத்திலும் மறுபாதியினருக்கு அவரவர் நெரிசலான வீட்டிலுமாக ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு சுமார்தான், ஓய்வும் குறைவு. ஆனாலும் குணமானவர்களின் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை, வீட்டாருக்குத் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை என்று 1959இல் முடிவு வெளியானது.

ஆனால், மருந்து வேலை செய்யும் என்று காட்டிய ஆய்வால், அந்த மாத்திரையை ஒருவரை ஓராண்டு விடாமல் விழுங்க வைக்க முடியாது. இருமல் நின்றதும் மாத்திரையும் நின்றுவிடுவது நாமறிந்த மனித சுபாவம். முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்த பணியாளர்களுக்கு இது கண்கூடு. ஊழியரின் கண்முன்னே, வாரம் இருமுறை மட்டும் மருந்து கொடுத்தால் போதுமா என்று அடுத்த கட்ட ஆய்வு இதே சென்னையில் நடந்ததற்குக் களத்தில் கண்ட அந்தச் சிக்கலே காரணம்.

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். ஆய்வு என்று வருபவர்கள் படிவம் கொடுக்கிறார்கள், நிரப்பித் தருகிறோம். எங்கள் அனுபவத்தை யாரும் கேட்டதில்லை. அதற்கு மதிப்பு உண்டா?
– வாசகி, அரியலூர்

பதில்: உங்கள் மனக்குறை நியாயமானது. ஆயினும் உங்கள் மேசையை மனத்தில் வைத்து உருவான திட்டம் ஒன்றும் உண்டு: 2022 ஏப்ரலில் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம். காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களிலேயே நிகழ்கிறது. ஆபத்தில் இருப்பவரைக் கண்டறிய வழிகாட்டுதல் சொல்லும் பரிசோதனைகளோ நீளமானவை. அவற்றில் பலவற்றுக்கு ஆய்வகம் வேண்டும். எனவே மாநிலக் காசநோய்ப் பிரிவும் சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் சேர்ந்து, ஒரே தாளில் அடங்கும் சில அறிகுறிகளாக அதைச் சுருக்கின: உடல் நிறை குறியீட்டெண் (உயரத்துக்கேற்ற எடை உண்டா என்று காட்டும் எண்), கால் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பது.

கடைசி அறிகுறிக்கு எந்தக் கருவியும் வேண்டாம். மூச்சை எண்ணுவதற்குக் கடிகாரம் போதும். ஆனால் எண்ணுகிறோம் என்று தெரிந்தாலே நோயாளியின் மூச்சு மாறிவிடும் என்பதால், நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைக் கவனிப்பீர்கள் அல்லவா, அந்தக் கைப்பழக்கம் எந்தப் படிவத்திலும் இல்லை. விரல் சில்லிட்டிருந்தால் ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணை நம்பாமல் விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பார்ப்பதும் அப்படித்தான். இன்னொரு பக்கமும் இருக்கிறது. நோய் தீவிரம் என்று நீங்கள் கண்டுபிடித்தும் அவரைச் சேர்க்க இடமில்லையென்றால் அந்தத் தாளால் பயனில்லை. மாவட்டந்தோறும் இவர்களுக்கென மருத்துவமனைகளை அடையாளம் காட்டிப் படுக்கையை உறுதிசெய்வது அரசின் உத்தரவால் மட்டுமே முடியும். படிவத்தில் எந்தக் கட்டம் உங்கள் ஊரில் பொருந்தவில்லை என்பதைத் தேதியுடன் குறித்து, மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் எழுத்தாகக் கொடுங்கள். வாய்ப்பேச்சு அந்த அறையைத் தாண்டுவதில்லை.

கேள்வி: பக்கத்து வீட்டுக் காசநோயாளிக்கு மாதம் ரூ.1,000 வருகிறது. இது ஆராய்ச்சியின்படி தருவதா, ஓட்டுக்காகவா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: ஆராய்ச்சி எப்போதும் முன்னே போவதில்லை. 2018 ஏப்ரலில் மத்திய அரசு காசநோயாளிகளின் சத்துணவுக்காக மாதம் ரூ.500 தரத் தொடங்கியபோது, காசநோயாளியின் மெலிவு குறித்த மருத்துவ அறிவு நிறையவே இருந்தது. ஆனால் வீட்டாருக்கும் உணவு கொடுத்தால் நோய் தடுக்கப்படுமா என்பதற்குப் பெரிய சோதனை இல்லை. அது 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நடந்தது. வீட்டிலுள்ள பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்த குடும்பங்களில், புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 39 சதவீதம் குறைந்திருந்தது. 2024 நவம்பரில் தொகை ரூ.1,000 ஆனது, உணவுப் பெட்டக உதவியும் குடும்பத்தாருக்கு விரிவாக்கப்பட்டது. ஓட்டுக் கணக்கும் இருக்கலாம், அதனால் பருப்பின் பலன் குறைந்துவிடாது. பணம் தாமதமானால், அவருக்கு மருந்து தரும் காசநோய்ப் பணியாளரிடம் வங்கிக் கணக்கு விவரத்தை முதலில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.