கடைசிப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்

கேள்வி: உங்களுக்கு உயிரான ஒரு மாயாஜாலக் கதைத் தொடரின் கடைசிப் புத்தகம் கைக்கு வந்தபோது என்ன செய்தீர்கள்? உடனே படித்தீர்களா, தள்ளிப்போட்டீர்களா?

பூட்டி வைத்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். நான்கு மாதம்.

தொடரின் பெயர் 'தி வீல் ஆஃப் டைம்'. ராபர்ட் ஜோர்டன் தொடங்கியது. 1990 முதல் 2013 வரை 14 புத்தகங்கள், சுமார் 44 லட்சம் சொற்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, பெங்களூர் அறையைக் காலி செய்துவிட்டுப் பாலக்கோடு பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது முதல் புத்தகத்தில் பாதி தாண்டியிருந்தேன்.

வீட்டில் புளிக் காலம். தருமபுரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திண்ணையில் ஆயா (எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) உட்கார்ந்திருப்பார், முன்னால் ஒரு தட்டைக் கல், கையில் சின்னச் சுத்தியல். ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, பழத்தைப் பிளந்து, கட்டைவிரலால் கொட்டையை வெளியே தள்ளுவார். நான் நாலு கொட்டை எடுப்பதற்குள் அவர் பக்கத்தில் ஒரு குவியல் சேர்ந்திருக்கும். கை வேலையில் இருந்தாலும் காது சும்மா இருந்தது. அந்த வருடம் கொரோனாவால் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா இல்லை, பாரதக் கூத்தும் இல்லை. "அப்படி என்னத்தடா படிக்கிற, வாய் விட்டுத்தான் சொல்லேன்" என்றார். சொல்ல ஆரம்பித்தேன்.

ஆயாவுக்குக் கதையில் வருகிறவர்களின் பெயர்கள் எதுவும் வாயில் நுழையவில்லை. அதனால் பெரினுக்குக் 'கொல்லாசாரி பையன்' என்று பெயர் வைத்தார். மேட், 'சூதாடி'. கோபம் வந்தால் தன் பின்னலைப் பிடித்து இழுக்கும் நைனீவ், 'ஜடைக்காரி'. ஆயாவுக்கு இவள்மேல்தான் உயிர். 13ஆம் புத்தகத்தில் ஒரு சோதனையில் அவளுடைய பின்னல் எரிந்துபோகும். அதைச் சொன்னபோது சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "ஜடை போச்சா?" என்று கேட்டார். அன்று அதற்கு மேல் கதை வேண்டாம் என்றுவிட்டார்.

இந்தத் தொடரில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்தின் முதல் அத்தியாயமும் ஒரு காற்றோடு தொடங்கும். எங்கோ ஒரு மலையிலோ காட்டிலோ கிளம்பி, ஊர்களைத் தாண்டி வந்து, கதை நடக்கும் இடத்தில் நம்மை இறக்கிவிடும். மூன்றாவது புத்தகத்துக்குள் ஆயா இதைப் பிடித்துக்கொண்டார். புதுப் புத்தகம் எடுத்தாலே, "இந்தத் தடவை காத்து எங்கிருந்து கிளம்புச்சு?" என்பார். (பத்தாவது புத்தகத்தில் கதை நகரவே நகராது என்று உலகம் முழுக்கப் புலம்பியிருக்கிறார்கள். நான் அதை ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடித்தேன். அதற்கு அதுவே அதிகம்.)

எழுதியவர் கதை முடியும் முன்பே இறந்துபோனார் என்பதையும் ஆயாவிடம் சொன்னேன். ஜோர்டன் 2007 செப்டம்பரில் இறந்தார். கடைசி ஒரே ஒரு புத்தகம்தான் பாக்கி என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவருடைய மனைவி ஹேரியட்தான் அவருக்கு எடிட்டரும். ஹேரியட், பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளரைத் தேடிப் பிடித்து, கணவர் விட்டுப்போன குறிப்புகளைக் கொடுத்து எழுதவைத்தார். அந்த ஒரு புத்தகம் மூன்றாக வளர்ந்தது. நான் இதை ஏதோ பெரிய சோகமாகச் சொல்ல, ஆயா அலட்டிக்கொள்ளவே இல்லை. "வாத்தியார் செத்துட்டா சிஷ்யன் வேஷம் கட்டி ஆடறதில்லையா?"

அந்தத் தீபாவளிக்குள் 13 முடிந்தது. பதினான்காவது, 'எ மெமரி ஆஃப் லைட்', சுமார் 900 பக்கம். அதை மட்டும் கிண்டிலில் வேண்டாம், கையில் கனக்க வேண்டும் என்று அச்சுப் புத்தகமாக வரவழைத்தேன். பிரித்தேன், முகர்ந்தேன், பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அதையும் படித்துவிட்டால் சாயங்காலம் ஆறு மணிக்குத் திண்ணையில் எனக்கு என்ன வேலை? ஆயாவிடம் "புத்தகம் இன்னும் வரல" என்று பொய் சொன்னேன்.

மாசி பிறந்து புதுப் புளி களத்துக்கு வந்தது. ஒருநாள் பெட்டியில் போர்வை தேடிய ஆயா புத்தகத்தோடு வெளியே வந்தார். எழுத்து தெரியாவிட்டாலும் அட்டையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். "பாஞ்சாலி தலைய விரிச்சுப் போட்டபடி நிக்குறா, நீ பாட்டுக்குப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்ட" என்றார்.

எங்கள் பக்கம் பாரதம் நடக்கும் ஊரில் பிறந்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். கடைசி நாள் படுகளம். கோயில் திடலில் மண்ணால் துரியோதனனைப் படுக்கவைத்திருப்பார்கள். பீமன் வேஷக்காரர் தொடையில் அடித்த பிறகுதான் பாஞ்சாலி கூந்தலை முடிவாள். அதுவரை இத்தனை நாள் கண் விழித்த சனம் ஒருத்தரும் எழுந்து போகமாட்டார்கள். முடிந்துவிடுமே என்று ஆயா ஒரு வருடமும் படுகளத்துக்குப் போகாமல் இருந்ததில்லை.

அன்று ராத்திரியே தொடங்கினேன். அதில் 'கடைசிப் போர்' என்று ஒரு அத்தியாயம் வருகிறது. அது ஒன்றே ஒரு நாவல் நீளம். பகலில் படித்து ராத்திரி சொன்னேன், அதற்கு மட்டும் ஆறு ராத்திரி ஆனது. யார் யார் செத்தார்கள் என்று இங்கே எழுதமாட்டேன், நீங்கள் படிக்க வேண்டும். ஜடைக்காரி பிழைத்தாள் என்று மட்டும் சொல்கிறேன், இல்லாவிட்டால் ஆயா என்னை வீட்டில் சேர்த்திருக்கமாட்டார்.

கடைசிக் காட்சி ஜோர்டன் சாவதற்கு முன்பே எழுதிவைத்தது. அந்தப் பக்கத்தை மட்டும் கதையாகச் சொல்லாமல், வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். மறுபடியும் காற்று. இன்னும் புதைக்காத பிணங்களின் மேலும், அதே நிலத்தில் நடக்கிற கொண்டாட்டங்களின் மேலும் போகிறது. துளிர்விடத் தொடங்கிய மரக்கிளைகளைத் தொட்டுவிட்டு, காடுகளையும் சமவெளிகளையும் தாண்டித் தெற்கே போகிறது. எனக்குக் குரல் கம்மிவிட்டது. புத்தகத்தை மூடினேன்.

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. கையில் இருந்த புளியை அப்படியே வைத்திருந்தார்.

"தெக்கயா போச்சு?"

"ஆமா ஆயா."

"அப்ப நம்ம பக்கந்தான் வருது. எந்திரி, களத்துல புளி கெடக்கு, தார்ப்பாயப் போட்டு மூடு."