விதை இல்லாத அருகம்புல்

கேள்வி: வீட்டு முன்னால் 600 சதுர அடியில் ஹைப்ரிட் பெர்முடா போட ஆசை. நர்சரியில் “விதையே கிடையாது, புல்லாகத்தான் வாங்கணும்” என்கிறார்கள். காசு பிடுங்கப் பார்க்கிறார்களா?
– வாசகி ஒருவர், பல்லடம்

பதில்: இல்லம்மா, இந்த விஷயத்தில் அவர்கள் சொல்வது நிஜம். பெர்முடா என்பது வேறொன்றுமில்லை, நம் வரப்பில் கிடக்கும் அருகம்புல்தான். அதோடு தென்னாப்பிரிக்காவின் மெல்லிய இலைப் புல் ஒன்று கலந்தால் ஹைப்ரிட். அருகம்புல்லின் 36 குரோமோசோமில் பாதி 18. ஆப்பிரிக்கப் புல்லின் 18-இல் பாதி 9. பிள்ளைக்குக் கிடைத்தது 27, அதாவது ஒன்பது ஒன்பதாக மூன்று தொகுதி. அது சரிசமமாக ஜோடி சேராது, விதையும் பிடிக்காது. பூவன் பழத்தில் கொட்டை இல்லையே, அதுவும் இதே மாதிரி மூன்று மடங்குக் கணக்குதான்.

சந்தேகம் இருந்தால் கதிர் வந்ததும் ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். உமி மட்டும் உதிரும். கடையில் பாக்கெட்டில் விற்கும் விதை வெறும் அருகம்புல் ரகம். அதிலும் நல்லவை உண்டு, ஆனால் நீங்கள் கேட்கும் புல் அது இல்லை.

இதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஊருக்கு 1936-இல் மாட்டுத் தீவனப் புல்லை ஆராயப் போனவர், கிளென் பர்ட்டன். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அவருக்கு வந்த ஆப்பிரிக்கப் புல் விதையில், அருகம்புல்லோடு தானாகவே கலந்து முளைத்திருந்தது ஒரு நாற்று. அதைத்தான் 1960-இல் டிஃப்வே 419 என்று வெளியிட்டார்கள். இன்றைக்கு எத்தனையோ நாட்டுத் திடல்களில் பந்து உருள்வது அந்த ஒற்றை நாற்றின் கணுத்துண்டுகள் மேல்.

சரி, விதையே இல்லாத புல்லை இன்னும் மேம்படுத்துவது எப்படி? கொடித்தண்டுகளுக்குக் காமா கதிர் பாய்ச்சி, மாறி முளைத்ததைப் பொறுக்கினார்கள். கோல்ஃப் குழியைச் சுற்றிப் போடும் டிஃப்ஈகிள் அப்படி வந்ததுதான். 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டினாலும் தாங்கும்.

உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. விதை இல்லாத புல்லுக்கு நடுவே முரட்டு இலையோடு ஒரு திட்டு தெரிந்தால், அது வெளியிலிருந்து வந்த விருந்தாளி. நர்சரிப் பாத்தியை நேரில் பார்த்து, அப்படித் திட்டு இல்லாத இடத்திலிருந்து வெட்டித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: லாரியில் வந்த புல் பத்தைகள் நடுவில் மட்டும் மஞ்சளாகிவிட்டன. நோயா?
– வாசகர் ஒருவர், தாராபுரம்

பதில்: நோய் இல்லை, புழுக்கம். வெட்டிய பிறகும் புல் மூச்சு விடும். அடுக்கி வைத்தால் சூடு வெளியே போக வழியில்லை. சித்திரையில் ஒருமுறை என் லாரி வழியில் பழுதாகி நின்று, மறுநாள்தான் வந்து சேர்ந்தது. அடுக்குக்குள் கையை விட்டேன். அடைகாக்கும் கோழி வயிற்றுக்கு அடியில் விட்ட மாதிரி வெதுவெதுப்பு. பாதி லோடு குப்பைக்குப் போயிற்று. அதற்கப்புறம் விடியற்காலையில்தான் வெட்டச் சொல்கிறேன். வந்த அன்றே விரித்துவிட வேண்டும்.

இன்னொன்று. மண் கனமாக ஒட்டியிருக்கும் பத்தைதான் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தலைகீழ். அரை அங்குலம், முக்கால் அங்குல மண்ணோடு வெட்டியதுதான் சீக்கிரம் வேர் இறக்கும், தூக்கவும் சுலபம். என்ன, முதல் சில நாள் தண்ணீரில் கஞ்சத்தனம் கூடாது. பத்து நாள் கழித்து ஒரு மூலையைப் பிடித்து மெல்ல இழுங்கள். வர மறுத்தால் வேர் பிடித்துவிட்டது.

கேள்வி: ஹைப்ரிட் பெர்முடாவைப் பிள்ளையாருக்குச் சாத்தலாமா?
– வாசகி ஒருவர், உடுமலை

பதில்: 27-இல் 18 அருகம்புல்லுடையது, மூன்றில் இரண்டு பங்கு! ஆனாலும் லானில் நாம் அடிக்கும் மருந்தை நினைத்தால் மனசு வரவில்லை. வரப்பிலேயே பறித்துக்கொள்ளுங்கள்.